நடுக்காட்டுச் செடி

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு டீச்சரக்கா என்னைத் தன் வீட்டு மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். "ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போம்மா, இது அந்த மிளகாதானான்னு சொல்லு" என்றார். பழைய பெயின்ட் வாளியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி, நான் கொடுத்த விதையில் வந்தது. விதையை மடித்துக் கொடுத்த நோட்டுத் தாளை மழை படாமல் செல்லோடேப் போட்டு வாளியின் விளிம்பில் ஒட்டி வைத்திருந்தார். அதில் என் கையெழுத்து: 'பூத் ஜொலோகியா – அசல்'. அஸ்ஸாம் பக்கத்து மிகக் காரமான மிளகாய் அது. காய்களைப் பார்த்தேன். என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "வெயிலுக்கு அப்படி ஆயிருக்குங்க்கா. நம்ம ஊரு சூட்டுக்குக் காய் வடிவம் மாறும்." சொல்லி வாயை மூடுவதற்குள் உறைத்தது, இதே பதிலை இதற்கு முன் நான் எங்கே படித்தேன் என்று. அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. மாசி பிறந்தாயிற்று, அடுத்த நாற்றும் முளைத்துவிட்டது, இன்னும் விடவில்லை. எழுதினால் தீருமா என்று பார்க்கிறேன்.

பாக்கெட்டில் வந்தது

எங்கள் அப்பா சேலம் குகைப் பகுதியில் சாயங்கால நேரத்தில் தட்டுவடை செட் போடுவார், தள்ளுவண்டியில். சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தச் சிவப்புச் சட்னிக்கு மிளகாயைத் தேர்ந்தெடுப்பதற்குச் செவ்வாய்ப்பேட்டை மண்டி வரைக்கும் போய், ஒரு வத்தலைக் கிள்ளி மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். காரத்துக்கு ஒரு மணம் உண்டு, அது இல்லாத காரம் வெறும் எரிச்சல் என்பார். காரத்தைப் பற்றி எனக்கு இருக்கிற ஆசையெல்லாம் அந்த வண்டியில் ஆரம்பித்தது. அதனால் கரோலைனா ரீப்பர் என்ற மிளகாயின் பெயரை முதலில் கேட்டபோது, அதன் மணம் எப்படி இருக்கும் என்றுதான் யோசித்தேன். தென் கரோலைனாவில் எட் கர்ரி என்பவர் உருவாக்கியது. 2013இல் கின்னஸ் சாதனையில் ஏறியபோது அதன் காரம் சராசரியாக 15,69,300 ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு). நம் வீட்டு வத்தல்கள் சில ஆயிரங்களிலிருந்து சில பத்தாயிரங்கள் வரைக்கும் இருக்கும். இவ்வளவு காரத்துக்குள் மணத்துக்கு இடம் இருக்குமா? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் என் கையால் வளர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது.

2022 தையில் இணையத்தில் ஒரு பாக்கெட் வாங்கினேன். பத்து விதை, 350 ரூபாய். பாக்கெட்டின் மேல் தேள்கொடுக்கு வால் வைத்த சிவப்புக் காயின் படம். மண்புழு உரமும் தென்னை நார்க்கழிவும் கலந்து குழித்தட்டில் போட்டேன். எட்டாம் நாள் ஒன்பது முளைத்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. ரீப்பர், ஜொலோகியா, ஹபனேரோ எல்லாம் காப்சிகம் சைனென்ஸ் இனம். (பெயரில்தான் சீனா. தென் அமெரிக்கச் செடி அது. 1776இல் பெயர் வைத்த ழாக்கான் சீனாவிலிருந்து வந்ததென்று நினைத்துவிட்டார்.) அந்த இனத்து விதை எட்டு நாளில் பட்டாளம் மாதிரி கிளம்பாது. இரண்டு வாரம், மூன்று வாரம், சில விதை ஒரு மாதத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். எட்டு நாளில் வருவது நம் சம்பாவும் குண்டும் சேர்ந்த காப்சிகம் ஆன்னுவம்.

தையில் போட்டது ஆனியில் காய்த்தது. விரல் நீளத்தில், ஒல்லியாக, வழுவழுவென்று. அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் கூறு போட்டு விற்கிற அதே மிளகாய். நான் நம்பாமல் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சைனென்ஸ் காயில் காம்பும் புல்லியும் சேருமிடத்தில் நூல் கட்டி இறுக்கின மாதிரி ஒரு வளையம் இருக்கும். ஒரு கணுவில் இரண்டு மூன்று பூ தொங்கும், பூ லேசாகப் பச்சை ஓடியிருக்கும். என் செடியில் கணுவுக்கு ஒரு பூ, சுத்த வெள்ளை. வளையம் இல்லை. படம் எடுத்து, விற்றவருக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: 'தட்பவெப்ப நிலைக்கு ஏற்பக் காயின் வடிவம் மாறலாம். வேண்டுமானால் இன்னொரு பாக்கெட் அனுப்புகிறோம்.'

350 ரூபாய் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. சித்திரை வெயிலில் இரண்டு வேளையும் தண்ணீர் சுமந்தது, வேலைக்குப் போகும் அவசரத்திலும் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி இலைப்பேன் பார்த்தது, அந்த ஐந்து மாதத்தையும் ஒரு பொய்ப் பெயருக்காகச் செலவழித்தேன் என்பதுதான் தாங்க முடியவில்லை. விதை விற்கிறவர் கையில் பெயரைத் தவிர வேறு எதுவும் நமக்குத் தெரிவதில்லை. அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம், மாம்பழத்தை முகர்ந்து பார்க்கலாம். விதையை என்ன செய்து பார்ப்பது? வெளிர்மஞ்சளில் வட்டமாக, அநேகமாக எல்லா மிளகாய் விதையும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

அத்தை அந்தச் செடிகளைப் பிடுங்க விடவில்லை. "காய்க்கிற செடிய என்னத்துக்குக் கண்ணு பிடுங்கற? அது என்ன பண்ணுச்சு?" என்று சொல்லி, கார்த்திகை வரைக்கும் அதிலிருந்தே ரசத்துக்குக் கிள்ளிப் போட்டார்.

அம்மா போட்ட செடி

என் நாத்தனார் ஏற்காட்டில் இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் விடுதியில், சமையல் பிரிவில் அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு தம்பி இருந்தான். 2022 ஐப்பசியில் நாங்கள் மேலே போயிருந்தபோது அவன் துர்கா பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். மிளகாய்ப் பேச்சு எப்படியோ வந்தது. உள்ளே போய் ஒரு பிஸ்கெட் கவரைக் கொண்டு வந்தான். அதற்குள் மூன்று பழம், வெயிலில் வைத்து அரைவாசி காய்ந்தது, தோல் முழுக்கச் சுருக்கமும் முண்டும் முடிச்சுமாக. கவரைத் திறந்ததுமே மணம் வந்தது. பழுத்த கொய்யாவும் வத்தலும் சேர்ந்த மாதிரி ஒரு மணம். அப்பா இருந்திருந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

"கடை இல்லே அக்கா. வீட்டுப் பின்னாடி. அம்மா போட்ட செடி" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், ஆனால் எனக்குத் தேவையான எல்லாமே அதில் இருந்தது. ஜொலோகியா என்றால் அஸ்ஸாமியில் மிளகாய் என்றே பொருளாம். நாம் பூத் என்று சொல்லிப் பேய் மிளகாய் ஆக்கிவிட்டோம். அவன் போட் என்று சொன்னான், போட் என்றால் பூட்டான் பக்கத்தது என்று அவன் பாட்டி சொல்வாராம். உலகத்திலேயே காரமானது என்று 2007இல் கின்னஸ் ஏற்றுக்கொண்டது இதைத்தான், 10,01,304 ஸ்கோவில். அவன் அம்மாவுக்கு அந்த எண்ணெல்லாம் தெரியாது. அவர் வீட்டில் ஒரு பழத்தை மூங்கில் குருத்தோடு ஊறவைத்தால் குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வரும், அவ்வளவுதான் என்றான்.

அந்த மூன்று பழத்தில் நல்ல விதையாக முப்பத்தொன்று எடுத்தேன். 2023 தை முதல் வாரத்தில் பதினான்கைப் போட்டேன். சேலத்தில் மார்கழி, தை ராத்திரிகளில் பனி இறங்கும். சைனென்ஸ் விதைக்கு மண் 26லிருந்து 30 டிகிரி வரை கதகதப்பாக இருக்க வேண்டும். அதனால் தட்டை மூடி, பிரிட்ஜுக்கு மேலே பின்பக்கமாக, சூடு வரும் இடத்தில் வைத்தேன். பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினைந்து நாள், ஒன்றும் இல்லை. முந்தைய தட்டு எட்டாம் நாள் முளைத்தது நினைவுக்கு வர, இந்த ஒன்றுமில்லாமையே ஒரு நல்ல அறிகுறியாகத் தோன்ற ஆரம்பித்தது. பத்தொன்பதாம் நாள் காலையில் மண்ணில் ஒரு வெள்ளை வளைவு, ஊசிக் காது மாதிரி.

அந்த நாற்றை நான் எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. தண்டு நிமிர்ந்துவிட்டது, ஆனால் தலையில் விதைத் தோல் தொப்பி மாதிரி இறுகிக் கிடக்கிறது. உள்ளே இரண்டு விதையிலைகளும் பிரிய முடியாமல் முட்டுகின்றன. நகத்தால் எடுத்துவிடலாம் என்று கை வைக்கப் போனேன். அத்தை கையைத் தட்டிவிட்டார். "இழுத்தீன்னா கழுத்தோட வந்துரும்." பஞ்சை நனைத்து, அந்தத் தொப்பியின் மேல் ஒரே ஒரு சொட்டு விட்டார். ராத்திரி படுக்கும்போது இன்னொரு சொட்டு. காலையில் தோல் ஊறி ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது, மத்தியானத்துக்குள் இலை தானே அதைக் கழற்றிப் போட்டுவிட்டது. பதினான்கில் ஆறு முளைத்தன. ஆறாவது வந்தது முப்பத்திநான்காம் நாள்.

மேலேயும் கீழேயும்

ஆறில் ஒன்றை நாத்தனாருக்குக் கொடுத்தேன். மூன்றைத் தண்டழுகல் கொண்டுபோயிற்று, தட்டில் தண்ணீர் தேங்க விட்டது என் தவறு. இரண்டு எங்கள் மாடியில் நின்றன. பங்குனி வரைக்கும் கீழே இருந்தவைதான் முந்தின. ஏற்காட்டுக் குளிரில் மேலே இருந்தது ஒட்டிக்கொண்டு கிடந்தது. சித்திரை பிறந்ததும் எல்லாம் தலைகீழ். இங்கே 39 டிகிரி அடித்தது. பூக்காத நாள் இல்லை, ஒரு பூவாவது தங்க வேண்டுமே! காம்பின் கணு மஞ்சளாகும், விரல் பட்டதும் பூ முழுசாக உதிர்ந்து உள்ளங்கையில் விழும். 35 டிகிரிக்கு மேலே மிளகாயின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. நிழல் வலை கட்டினேன், சாயங்காலம் தரையை நனைத்துவிட்டேன். இலை வேறு மேல்நோக்கிச் சுருண்டது. மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் முரணைச் சிலந்தி, இது ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் படும்படி அடித்தேன். சுருட்டை நின்றது. பூ உதிர்வது நிற்கவில்லை.

அதே சித்திரையில் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால், 1,500 மீட்டர் உயரத்தில், நாத்தனார் வீட்டுக் காபிச் செடிகளுக்கு நடுவில் அதே தாய்க்குப் பிறந்த செடி கரும்பச்சையாக நிற்கிறது, கணுவுக்கு மூன்று காய். சுற்றிலும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. அந்த மிளகின் பெயரைத்தான் கடல் கடந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த இந்தக் காய்க்கு நம் ஆட்கள் கொடுத்தார்கள், மிளகுக் காய் என்று. அந்தச் சுற்றுவட்டத்தில் வேறு மிளகாய்ச் செடி எதுவும் இல்லை. அதை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை. கீழே எங்கள் செடிகள் காய் பிடித்தது ஆடிக் காற்று அடித்து, மழை பெய்து, ராத்திரி குளிர்ந்த பிறகுதான்.

புரட்டாசிக் கடைசியில் முதல் பழத்தை அறுத்தேன். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து. காரம் விதையில் இருக்கிறது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். விதை ஒட்டியிருக்கும் அந்த வெளிறிய நரம்பில்தான் காரம் ஊறுகிறது. சாதாரண மிளகாயில் அதோடு நின்றுவிடும். இந்த மாதிரி மிளகாய்களில் காயின் உட்சுவரிலும் காரத் துளிகள் கட்டுகின்றன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் உள்ளே எண்ணெய் பூசினது போல மஞ்சளாக மின்னுகிறது. அரிசி மணியில் பாதியளவு கிள்ளி, தயிர்ச் சோற்றில் வைத்துச் சாப்பிட்டேன். முதலில் மணம், கொய்யாப் பழம் போல. மூன்று நான்கு விநாடி அது மட்டுமே. பிறகு காரம் தொண்டையின் அடியிலிருந்து கிளம்பிக் காது வரைக்கும் ஏறிக் கால் மணி நேரம் நின்றது. அப்பா கேட்டிருந்தால், மணத்துக்கு இடம் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

"ஏங் கண்ணு, இத யாரு திங்கறது?" என்று அத்தை அன்றைக்கும் கேட்டார், விதை போட்ட நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. ஆனால் அதற்கடுத்த வாரம் அவரே ஒரு பழத்தைக் கீறி, எலுமிச்சை ஊறுகாய் ஜாடியில் அடியில் போட்டார். ஜாடி முழுவதற்கும் ஒரே பழம். அந்த ஊறுகாய் மாசி வரைக்கும் வந்தது.

சரியாக அந்த நேரத்தில்தான், 2023 அக்டோபரில், எட் கர்ரியின் பெப்பர் எக்ஸ் 26,93,000 ஸ்கோவிலோடு புதிய சாதனை என்று செய்தி வந்தது. அந்த மிளகாயின் விதையை அவர் வெளியே யாருக்கும் விற்கவில்லை. ஆனாலும் பெப்பர் எக்ஸ் என்று பெயர் போட்ட விதைப் பாக்கெட் என் கண்ணில் பட்டது. இதை வாங்கி ஐந்து மாதம் தண்ணீர் ஊற்றப் போகிறவர்களை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. நாம் அப்படிச் செய்யக் கூடாது, நம்மிடம் இருப்பது வீட்டுப் பின்னால் ஓர் அம்மா போட்ட செடி, அதை நாலு பேருக்குச் சும்மா கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பழுத்த பழங்களில் விதை எடுத்து நிழலில் உலர்த்தி, நோட்டுத் தாளில் மடித்து, ஒவ்வொன்றிலும் எழுதினேன். அந்தப் பாக்கெட்டின் மேல் இருந்த கோபத்தில்தான் 'அசல்' என்ற சொல்லைச் சேர்த்தேன். ஐந்து பேருக்குக் கொடுத்தேன். டீச்சரக்கா அதில் முதல் ஆள்.

வாளியின் விளிம்பில் ஒட்டியிருந்த தாள்

அவர் செடியில் இருந்த காய்கள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். பாதிக் காய்கள் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. தோலில் ஜொலோகியாவின் சுருக்கம் லேசாக உண்டு, அந்த முண்டும் முடிச்சும் இல்லை. கணுவுக்கு இரண்டு பூ. காம்பில் வளையம் இருந்தும் இல்லாத மாதிரி. வெயில் எந்தக் காயையும் இப்படி ஆக்காது. தொங்குகிற காயை நிமிர்த்தி வைக்க வெயிலால் முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தேதான் "வெயிலுக்கு அப்படி ஆயிருக்குங்க்கா" என்று சொன்னேன். டீச்சரக்கா உடனே நம்பினார். "அதானே பாத்தேன், நீ குடுத்தது தப்பாவா இருக்கும்" என்றார். நான் படி இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எங்கள் மாடிக்கு ஏறினேன். ஜொலோகியா நின்ற பைக்கும் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நின்ற காந்தாரிச் செடிக்கும் (வானத்தைப் பார்த்துக் காய்க்கும் சின்ன மிளகாய்) இரண்டு முழம்கூட இல்லை. அந்தக் காந்தாரியை நான் வைக்கவில்லை. மூக்கனேரிப் பக்கமிருந்து எங்கள் கன்னங்குறிச்சி வீடுகளுக்குக் கொண்டைக்குருவி ஜோடி ஜோடியாக வரும். அதன் எச்சத்தில் முளைத்தது. பறவைக்கு மிளகாய் எரியாது. நம் நாக்கில் காரத்தை உணர்கிற ஏற்பியை டேவிட் ஜூலியஸ் 1997இல் கண்டுபிடித்தார், 2021இல் நோபல் பரிசும் வந்தது. பறவைக்கும் அந்த ஏற்பி இருக்கிறது, ஆனால் மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசின் அதில் பிடிப்பதில்லை. அதனால் குருவி பழத்தை முழுசாக விழுங்கி, விதையைக் கெடுக்காமல் கொண்டுபோய்ப் போடும். இரண்டு செடிக்கும் நடுவில் கொசுத் தேனீக்கள் காலையில் நாலைந்தாவது சுற்றிக்கொண்டிருக்கும். நானே பலமுறை நின்று ரசித்திருக்கிறேன். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும் என்றாலும் தேனீ வந்தால் பக்கத்துச் செடியின் மகரந்தமும் சேரும். சேர்ந்தாலும் அந்த வருஷத்துப் பழத்தில் ஒன்றும் தெரியாது. பழம் தாயின் சதை, அது தாய் மாதிரியேதான் இருக்கும். கலப்பு விதைக்குள்தான் போய் உட்காரும். நான் முகர்ந்து, அறுத்து, ருசித்து, அசல் என்று எழுதியதெல்லாம் பழத்தைப் பார்த்து. விதைக்குள் இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு மத்தியானம் அத்தையிடம் சொன்னேன். அவர் ஆத்தூர்ப் பக்கம் காட்டு வேலை செய்து வளர்ந்தவர் (எங்கள் பக்கம் காடு என்றால் விவசாய நிலம்). புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "நாந்தான் அன்னைக்கே சொன்னனே கண்ணு, வரப்போரச் செடியில விதை எடுக்காதேன்னு." எனக்கு நினைவிருந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்தபோது கத்தரிக்கும் மிளகாய்க்கும் அவர் விதை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ரெண்டாம் பறிப்பில், நடுக்காட்டில் நிற்கிற செடியில் மட்டும், நாலு பக்கமும் அதே பயிர் சூழ்ந்து நிற்கிற செடியில் மட்டும் எடுப்பார். சாம்பலில் புரட்டித் துணியில் முடிவார். ஓரத்துச் செடி எவ்வளவு நன்றாகக் காய்த்திருந்தாலும் தொடமாட்டார். அதற்கு ஏதோ சாங்கியம் என்று நினைத்துக்கொண்டேன், ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. "ஓரத்துல நிக்கறது அடுத்த காட்டுக்காரன் மகரந்தத்தையும் வாங்கிக்குமுல்ல? எங்கம்மா சொல்லும்." மகரந்தம் என்ற சொல்லை அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார். எங்கள் மொட்டை மாடியில் எல்லாச் செடியும் வரப்போரச் செடிதான். நடுக்காடு என்று ஒன்று அங்கே கிடையாது.

இந்த இடத்தில் எனக்கு இரண்டு தனித்தனிக் குற்றங்கள் தெரிந்தன, அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். விதை கலந்துபோனது தெரியாமல் நடந்தது, அதைத் தேனீமேலும் குருவிமேலும் போடலாம். காயைப் பார்த்த பிறகு வெயில்மேல் பழி போட்டது தெரிந்தே செய்தது. அந்தப் பாக்கெட்காரரும் ஒருவேளை முதல் குற்றத்தை அறியாமல்தான் செய்திருப்பார், யாரிடமோ மொத்தமாக வாங்கியிருப்பார். என் படம் போய்ச் சேர்ந்த பிறகு எழுதிய அந்தப் பதில் மட்டும்தான் அவருடையது. இரண்டு வருஷம் நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தது முதலாவதற்காக. திட்டியிருக்க வேண்டியது இரண்டாவதற்காக, அதை இப்போது நானும் செய்துவிட்டேன்.

மறுநாள் பள்ளி விட்டு வரும் நேரம் பார்த்துக் காத்திருந்து டீச்சரக்காவிடம் போனேன். வெயில் காரணம் இல்லை, காந்தாரி கலந்துவிட்டது, நேற்றே எனக்குத் தெரியும், தெரிந்தும் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். அந்தக் கடைசித் துண்டைச் சொல்வதற்குத்தான் கஷ்டமாக இருந்தது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்ப அதுல ஒட்டியிருக்கற தாளைக் கிழிச்சிடட்டுமா?" என்றார். நானே கிழிக்கிறேன் என்று சொல்லி மேலே போனேன். செல்லோடேப் வெயிலில் இறுகி ஒட்டிப்போயிருந்தது, நகத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மற்ற நாலு பேருக்கும் அன்று ராத்திரியே போன் செய்தேன். இருவர் வீட்டில் விதை முளைக்கவே இல்லை. ஒருவர் வீட்டில் வந்தது ஜொலோகியாவேதான், வடிவம் மாறாமல். ஒரே பழத்து விதைகளில்கூட ஒன்று தன் மகரந்தத்திலும் இன்னொன்று அடுத்ததன் மகரந்தத்திலும் உருவாகலாம் என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு படித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே ஜொலோகியாவை ஆராய்ந்து, காரத்தை அளந்து 2007இல் வெளியிட்ட நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்து பால் போஸ்லண்டும் அவருடைய சக ஆய்வாளரும், அதன் மரபணுவையும் பார்த்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் சைனென்ஸ்தான், ஆனால் உள்ளே காப்சிகம் ஃப்ருடெசென்ஸின் அடையாளமும் இருக்கிறது, இயற்கையாகவே நடந்த கலப்பாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். காப்சிகம் ஃப்ருடெசென்ஸ் என்பது நம் காந்தாரி. அதாவது வடகிழக்கில் யாரோ ஒருவர் வீட்டுப் பின்னால், என்றைக்கோ, ஏதோ ஒரு குருவி விதைத்த செடிக்குப் பக்கத்தில் நடந்த அதே காரியம் கன்னங்குறிச்சி மாடியில் இன்னொரு தரம் நடந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொல்லமாட்டேன், நான் அசல் என்று எழுதியது எழுதியதுதான். ஆனால் டீச்சரக்கா வீட்டுச் செடியைத் தப்பான செடி என்று நினைப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

இப்போது பூ மொட்டாக இருக்கும்போதே கொசுவலைத் துணியில் சின்னப் பை தைத்துக் கிளையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். காலையில் விரலால் கிளையைச் சுண்டிவிட்டால் பைக்குள்ளேயே மகரந்தம் உதிர்ந்து சேர்ந்துகொள்ளும். காய் பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தக் காய்க் காம்பில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். விதைக்கு அந்தக் காய் மட்டும்தான். ஏற்காட்டுச் செடியிலிருந்தும் விதை கொண்டுவந்துவிட்டேன். காபிக்கு நடுவில் தனியாக நின்ற அதுதான் எங்கள் குடும்பத்தில் இருந்த ஒரே நடுக்காட்டுச் செடி. காந்தாரியைப் பிடுங்கவில்லை. அத்தை விடமாட்டார், எனக்கும் மனசு வரவில்லை. மாடியின் அடுத்த கோடிக்கு மாற்றியிருக்கிறேன்.

பொங்கலுக்கு மறுநாள் டீச்சரக்கா ஒரு தாளை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் செடியில் கடைசியாகப் பழுத்ததிலிருந்து எடுத்த விதை. கரும்பலகையில் எழுதுகிற அந்த உருண்டை எழுத்தில் மேலே எழுதியிருந்தார்: 'தாய் – எதிர்வீட்டு மாடி, அஸ்ஸாம் வழி. தகப்பன் – காந்தாரி, குருவி கொண்டுவந்தது. அதற்கு மேல் தெரியாது. பை கட்டவில்லை. 2025 தை.'

உள்ளே ஏழு விதை. பிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். நேற்று வரைக்கும் நான்கு முளைத்திருக்கின்றன. முதல் இரண்டின் இலை ஜொலோகியா மாதிரி அகலமாகச் சுருக்கம் விழுந்து வருகிறது, மூன்றாவது காந்தாரி மாதிரி கூராக. நான்காவது இன்னும் தொப்பியைக் கழற்றவில்லை. ராத்திரி அத்தை ஒரு சொட்டு விட்டிருக்கிறார்.